இருபத்தேழாம் நம்பர் ஓ.டி.ல போயிருக்கா

ஏம்மா, தப்பா நெனைக்காதீங்க, நீங்க இந்தப் பக்கம் வர்றீங்களா? நான் ஜன்னலோரம் போயிடறேன். வெயில் அடிக்கும்னு தெரியும், அடிக்கட்டும். இங்க உக்காந்தா முன் கண்ணாடி வழியா நேரா அந்த பஸ்தான் தெரியுது. மஞ்சளா ஒண்ணு போகுதே, காலேஜ் பஸ். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஏறினதுலேருந்து நம்ம டிரைவரும் அதை முந்த மாட்டேங்கறாரு, அதுவும் ஒதுங்கித் தொலைக்க மாட்டேங்குது.

ரொம்ப தேங்க்ஸ்மா. பை வேணாம், மேல வைக்காதீங்க. அது என் மடியிலயே இருக்கட்டும்.

பஸ்சுக்குப் பின்னாடி ஒரு பொண்ணு படம் இருக்கு பாத்தீங்களா? நீலச் சட்டை போட்டு, கண்ணாடியை நெத்திக்கு ஏத்தி விட்டுக்கிட்டு, மெஷின் மேல கை வச்சு சிரிக்கிறாளே. கீழ பெருசா 'அனைவருக்கும் பொறியியல்'னு எழுதியிருக்கும். நல்லா இருக்குல்ல? எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. அந்தப் படத்தை எடுக்க வச்சது நான். அந்த வாசகத்தை எழுதினதும் நான்தான். இன்னிக்கு அந்தப் பொண்ணைத்தான் பாக்கப் போறேன், துறையூருக்கு. மூணு வருஷம் கழிச்சு. அதனாலதான் போற வழியெல்லாம் அவ மூஞ்சியவே பாத்துக்கிட்டுப் போக முடியல.

நீங்க நர்ஸா? வாட்சைத் திருப்பிக் கட்டியிருக்கீங்க, அதான் கேட்டேன். நான் வாத்தியார். மெக்கானிக்கல் இன்ஜினியரிங். ஆமாம்மா, பொம்பளைதான், மெக்கானிக்கல்தான். எல்லாரும் இப்படித்தான் ஒரு தடவை திரும்பிப் பாப்பாங்க. நான் படிச்சப்போ எங்க செட்டுல ரெண்டே பொண்ணுங்க. ஒர்க்‌ஷாப் கட்டடத்துல பொம்பளைங்களுக்குன்னு ஒரு பாத்ரூம் கிடையாது. மைதானத்தைத் தாண்டி லைப்ரரிக்குப் போகணும். நாலு வருஷம் காலைல தண்ணி குடிக்காமப் படிச்சேன். இதை நான் எல்லா மேடையிலயும் சொல்வேன், கை தட்டுவாங்க. உங்ககிட்ட சும்மா சொல்றேன். எனக்கு இந்த விஷயம் தெரியாதுன்னு யாரும் சொல்லிடக் கூடாது பாருங்க.

அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எங்க காலேஜ்ல சம வாய்ப்பு மையம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. பொண்ணுங்க, மாற்றுத்திறனாளிங்க, மலையிலேருந்து வர்ற பிள்ளைங்க, வீட்டுல முதல் ஆளா படிக்க வர்றவங்க, இவங்க எல்லாம் தயங்காம இன்ஜினியரிங் படிக்கணும்னு. யார்கிட்ட குடுப்பாங்க? என்கிட்டதான். ஆம்பளை வாத்தியாருக்கு ப்ராஜெக்ட், பொம்பளை வாத்தியாருக்கு கோலப்போட்டி, இந்த மாதிரி மையம். முணுமுணுத்துக்கிட்டேதான் வாங்கினேன். ஆனா வாங்கினப்புறம் உயிரைக் குடுத்துச் செஞ்சேன். பொய் சொல்லலம்மா. ஒர்க்‌ஷாப் பக்கத்துலயே லேடீஸ் பாத்ரூம் கட்ட வச்சேன். ரிப்பன் வெட்டினோம். அப்புறம் அதைப் பூட்டி வச்சுட்டாங்க, காலேஜைச் சோதிக்க கமிட்டி வர்றப்போ சுத்தமா இருக்கணும்னு. அதை விடுங்க.

அந்த வருஷம்தான் அவ வந்தா. பவுனம்மாள். இந்தக் காலத்துல அப்படி ஒரு பேரு. பச்சமலைப் பொண்ணு. அவங்க ஊர்லேருந்து இன்ஜினியரிங்குக்கு வந்த முதல் ஆளே அவதான், அதுலயும் மெக்கானிக்கல். யாரும் தள்ளி விடல, அவளா கேட்டு எடுத்தது. அட்மிஷன் அன்னிக்கு நான் கேட்டேன், ஏம்மா, கம்ப்யூட்டர் எடுக்கலாமேன்னு. அவ சொன்னா, 'எங்க ஊருக்கு வர்ற ஜீப்பு சத்தத்தை வச்சே எது கெட்டிருக்குன்னு சொல்லுவேன் மேடம்.' அப்பா மரவள்ளி போடறவரு, பேசவே மாட்டாரு. பக்கத்துல நின்னு தலையை மட்டும் ஆட்டினாரு. எனக்கு அன்னிக்கே மனசு நெறஞ்சு போச்சு. இதுதான் நம்ம பொண்ணுன்னு நெனச்சேன்.

நம்ம பொண்ணுன்னு நெனச்சேன் பாருங்க, அங்கதான் ஆரம்பிச்சுது.

ரெண்டாவது வருஷம். அதுல ரெண்டாவது செமஸ்டர். அந்த வருஷக் கடைசியில பெரிய கமிட்டி வரப் போகுது, காலேஜுக்கு மதிப்பெண் போடறவங்க. மையம் என்ன செஞ்சுதுன்னு காட்டணும். போட்டோ வேணும்னாரு பிரின்ஸ்பால். போட்டோகிராபரைக் கூட்டிக்கிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பவுனம்மாளுக்கு புது நீலச் சட்டை, ஓவரால்னு மெஷின் வேலைக்குப் போடறது, வாங்கிப் போட்டு லேத் மெஷின் முன்னாடி நிப்பாட்டினோம். உங்களுக்கு லேத் தெரியாதுல்ல? இரும்பைச் சுத்த விட்டுச் செதுக்கற மெஷின். இரும்பை இறுக்கிப் பிடிக்கிற பாகத்துக்குப் பேரு சக்கு. அதை முறுக்க கைப்பிடி வச்ச ஒரு சாமான் இருக்கும், சக் கீன்னு சொல்வோம். முறுக்கினதும் கையோட எடுத்துரணும். எடுக்காம மோட்டாரைப் போட்டா அது பறந்து வந்து ஆளை அடிச்சுரும். முதல் நாள் முதல் பாடமே அதுதான்.

போட்டோகிராபர் அதை மாட்டியே வைக்கச் சொன்னாரு. வெளிச்சத்துல பளபளன்னு நல்லா இருக்காம். இவ சிரிச்சுக்கிட்டு நின்னவ சிரிப்பை நிறுத்திட்டு, 'மேடம், சக் கீய எடுக்கணும்'னா. நான் சொன்னேன், படத்துக்குத்தானேம்மா, மெஷின் ஓடலையே. அவ ஒரு நிமிஷம் என்னையே பாத்தா. அப்புறம் சிரிச்சா. அந்தச் சிரிப்புதான் அது. முன்னாடி போகுதே, அந்தச் சிரிப்பு.

மெக்கானிக்கல் படிச்ச எவன் பாத்தாலும் அவன் கண்ணுக்கு முதல்ல அந்த சக் கீதான் தெரியும். எங்க ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் பேனரைப் பாத்துட்டு, 'யாரு மேடம் இந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்தது'ன்னு கேட்டாரு. அவ சொன்னான்னு நான் சொல்லல. சிரிச்சுட்டு வந்துட்டேன். மூணு வருஷமா ஊரு முழுக்க அந்தப் பொண்ணு மெஷினைப் பத்தி ஒண்ணும் தெரியாதவளா நிக்கிறா.

சரி, படம் நல்லா வந்துருச்சு. அப்புறம் என்ன, எல்லாத்துக்கும் அவளைத்தான் கூப்பிட ஆரம்பிச்சோம். ஸ்கூல் பிள்ளைங்க காலேஜ் பாக்க வந்தா அவ. மகளிர் தினம்னா அவ. வெளிநாட்டுலேருந்து யாராவது வந்தா பூச்செண்டு குடுக்க அவ. டிவிக்காரங்க வந்தா அவ. பவுனம்மாள்னு போட்டா ஒரு மாதிரி இருக்குன்னு பேனர்ல 'பவி'ன்னு போட வச்சேன். ஒரு விழாவுக்கு உங்க மலை டிரெஸ்ஸைப் போட்டுக்கிட்டு வாம்மான்னேன். எந்த டிரெஸ் மேடம்னா. அதான், உங்க ஆளுங்க போடுவாங்கல்ல. 'நாங்க சுடிதார்தான் மேடம் போடுவோம்'னா. கடைசியில டான்ஸ் டிரெஸ் வாடகைக்கு விடற கடையில எதையோ வாங்கிட்டு வந்தாங்க, தலையில இறகெல்லாம் வச்சு. போட்டுக்கிட்டா. எதுக்கும் மாட்டேன்னு சொல்ல மாட்டா. அதுதான் அவகிட்ட எனக்குப் பிடிச்சது.

என்னம்மா அப்படிப் பாக்கறீங்க? நான் கெட்டது நெனச்சா செஞ்சேன்? என்னை எவனும் ஒரு மேடையில கூட நிக்க வைக்கல. இவளை நிக்க வச்சேன்.

இப்ப ஓ.டி.ன்னா என்னன்னு சொல்லணும் உங்களுக்கு. ஆன் டியூட்டி. காலேஜ் வேலையா ஒரு பிள்ளை கிளாஸுக்கு வரலன்னா ஒரு ஃபாரம் போடணும். பொறுப்பு வாத்தியார், அதாவது நான், கையெழுத்துப் போட்டு அந்தக் கிளாஸ் வாத்தியார்கிட்ட குடுக்கணும். அவரு வருகைப் பதிவுல வந்ததா எழுதிருவாரு. ஃபாரம் போகலன்னா அந்தப் பிள்ளை வரலன்னுதான் கணக்கு. நூத்துக்கு எழுபத்தஞ்சு வரலன்னா பரீட்சை எழுத முடியாது. செமஸ்டரே போயிரும். இவ்வளவுதான் விஷயம். ஒரு தாளை ஒரு ரூம்லேருந்து இன்னொரு ரூமுக்குக் கொண்டு போறது.

அவளுக்கு அந்த செமஸ்டர்ல இருபத்திமூணு ஃபாரம். எல்லாத்துலயும் நான் கையெழுத்துப் போட்டேன். தேதி, விழா பேரு, நேரம், ஒண்ணு விடல. போட்டு என்ன செஞ்சேன்? ஃபைல்ல வச்சேன்.

ஏன்னா கமிட்டி அசலைத்தான் கேப்பாங்கம்மா. ஜெராக்ஸைக் காட்டினா மூஞ்சியைச் சுளிப்பாங்க. மையம் இத்தனை நிகழ்ச்சி நடத்துச்சு, மலைவாழ் மாணவி இத்தனை தடவை கலந்துக்கிட்டா, இதோ சான்று. ஒவ்வொண்ணையும் பிளாஸ்டிக் உறையில போட்டு, நம்பர் ஒட்டி, பச்சைக் கலர் பெட்டி ஃபைல்ல அடுக்கினேன். கமிட்டி போனதும் கிளாஸ் வாத்தியார்கிட்ட குடுத்துக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கமிட்டி ரெண்டு மாசம் தள்ளிப் போயிருச்சு. வருகைப் பதிவு முடியற தேதி தள்ளிப் போகல.

அவ வந்தாளான்னா, வந்தா. என் ரூம் வாசல்ல வந்து நிப்பா. 'மேடம், ஓ.டி. ஃபாரம்'பா. நான் பாத்துக்கறேன் போம்மாம்பேன். போயிருவா. நாலஞ்சு நாள் கழிச்சு மறுபடி வருவா. 'மேடம்.' அவ்வளவுதான், அந்த ஒரு வார்த்தை. ஒரு நாள் சொன்னேன், ஏம்மா என் மேல நம்பிக்கை இல்லையா உனக்குன்னு. அதுக்கப்புறம் வரல. வாயைத் திறந்து சண்டை போட்டிருக்கலாம்ல? எனக்கு செமஸ்டரே போகுது மேடம், என் பேப்பரைக் குடுங்கன்னு கத்தியிருக்கலாம்ல? நானா இருந்தா கத்தியிருப்பேன்.

இருப்பேனா? தெரியல. தண்ணி குடிக்காம நாலு வருஷம் இருந்தவதானே நானும்.

பரீட்சை எழுத முடியாதவங்க லிஸ்டு ஒட்டின அன்னிக்கு நான் ஊர்ல இல்ல. ஐதராபாத்துல ஒரு கருத்தரங்கு. இன்ஜினியரிங் படிப்புல யாரும் விடுபடக் கூடாது, அதுதான் என் தலைப்பு. மேடையில பேசிட்டிருக்கேன், மேஜை மேல போன் அதிருது. பவுனம்மாள்னு வருது. அமுக்கிட்டேன். மறுபடி அதிருது. அமுக்கிட்டேன். பின்னாடி திரையில அவ படம்தான் ஓடிட்டிருக்கு, சுவரு அளவுக்கு. இறங்கி வந்து பாத்தா பதினோரு தடவை கூப்பிட்டிருக்கா. நான் திருப்பிக் கூப்பிட்டேனான்னு கேளுங்க. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாங்க, போயிட்டேன். ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம்னு நெனச்சேன்.

மூணு நாள் கழிச்சு வந்தேன். ஹாஸ்டல்ல அவ கட்டில் காலி. அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாராம். அறுபத்திரண்டு பர்சென்ட் இருந்துச்சாம். அந்த ஓ.டி. சேந்திருந்தா எண்பத்தஞ்சைத் தாண்டியிருக்கும். ஒரு செமஸ்டர் போனா ஸ்காலர்ஷிப் நின்னுரும், ஸ்காலர்ஷிப் நின்னா ஹாஸ்டல் கிடையாது. இது எதுவுமே எனக்குத் தெரியாதுன்னு சொன்னா நீங்க நம்புவீங்களா? மையத்துக்கே நான்தான் பொறுப்பு. கிளாஸ் வாத்தியார் தயாளன், சின்னப் பையன், என்கிட்ட சொன்னான், 'ஃபாரம் வரல மேடம், நான் என்ன செய்ய? அந்தப் பொண்ணு மேடம் குடுப்பாங்க குடுப்பாங்கன்னே சொல்லிட்டிருந்துச்சு.' எனக்கு அவன் மேல அவ்வளவு கோவம் வந்துச்சு. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா அவன்?

இல்ல, போன் போட்டான். அதையும் நான்தான் எடுக்கல.

அதுக்கு அடுத்த மாசம் கமிட்டி வந்துச்சு. தலைவர் வயசான மனுஷன், பொறுமையா ஒவ்வொரு தாளாப் புரட்டுறாரு. பச்சை ஃபைலை எடுத்தாரு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு இருபத்திமூணு ஃபாரத்தையும் படிச்சாரு. கண்ணாடியைக் கழட்டிட்டுச் சொன்னாரு, 'ரொம்பத் துடிப்பான பொண்ணா இருக்கும் போலயே. நான் இவளைப் பாக்கணுமே.' ரூம்ல எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. பிரின்ஸ்பால் தரையைப் பாக்கறாரு. அந்த ஃபாரமெல்லாம் இந்த ஃபைல்ல இருக்கறதாலதான் அவ இங்க இல்லன்னு எனக்கு அந்த நிமிஷம்தான் உறைச்சுது. சத்தியமா அதுக்கு முன்னாடி நான் அப்படி யோசிக்கல. வாயைத் திறந்தா என்ன வந்துச்சு தெரியுமா?

'அவ ஓ.டி.ல போயிருக்கா சார்'னேன்.

எப்படி வந்துச்சுன்னே தெரியல. அவரு சிரிச்சாரு. 'இதுக்கும் ஃபாரம் போட்டுருங்க'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். மையத்துக்கு முழு மார்க்கு. பிரின்ஸ்பால் எனக்குச் சால்வை போட்டாரு. அந்தச் சால்வை பீரோவுல இருக்கு, மடிப்பு கலையாம.

அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னா, விஷயம் பிள்ளைங்களுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. அவ ரோல் நம்பர் இருபத்தேழு. அவ பேரை இன்னும் பதிவுலேருந்து எடுக்கல. மறதியில நான் இருபத்தேழுன்னு கூப்பிட்டுட்டேன். பின் பெஞ்சுலேருந்து ஒரு குரல், 'ஓ.டி. மேடம்.' கேலியும் இல்ல, சிரிப்பும் இல்ல. சும்மா வருகை சொல்ற மாதிரி. தலையைத் தூக்கிப் பாத்தா ஒருத்தனும் வாயசைக்கல. எல்லாம் நோட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. அடுத்த நாள் அந்த நம்பரைத் தாண்டிப் போயிரணும்னு நெனச்சுக்கிட்டே போனேன். இருபத்தஞ்சு, இருபத்தாறு, இருபத்தெட்டுன்னேன். அப்பவும் நடுவுல ஒரு குரல் சொல்லுது, 'ஓ.டி. மேடம்.' அந்த செட்டு படிச்சு முடிச்சு வெளிய போயிருச்சு. இப்ப இருக்கற பிள்ளைங்களுக்கு அவ யாருன்னே தெரியாது. இன்னிக்கும் எந்தக் கிளாஸ்ல இருபத்தாறைக் கூப்பிட்டாலும் நான் கொஞ்சம் நிறுத்திருவேன். நிறுத்தினா கேக்குது எனக்கு.

வாசலும் அப்படித்தான். யாராவது வந்து நின்னா 'மேடம்'னு கூப்பிடாதீங்க, உள்ள வாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். புதுசா வந்தவங்க இந்தம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு பாக்கறாங்க. படம் வேற எங்க போனாலும் இருக்கு. வாசல் வளைவுல, லிஃப்ட்டுக்குள்ள, நாட்காட்டியில. மாத்துங்கன்னு ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேன். 'இது மாதிரி இன்னொரு முகம் கிடைக்காது மேடம்'னாரு பிரின்ஸ்பால். அவளுக்கு மட்டும் வயசே ஆகல. எனக்குத்தான் ஆகுது.

புலிவலம் வந்துருச்சா? போன சனிக்கிழமை இங்கதான் இறங்கித் திரும்பிப் போயிட்டேன். இதே பை, இதே மாதிரி மடியில.

மூணு வாரத்துக்கு முன்னாடி அவ போன் பண்ணினாம்மா. நம்பரை இன்னும் நான் அழிக்கல, பேரு வந்துச்சு. இந்தத் தடவை எடுத்தேன். 'மேடம், நல்லா இருக்கீங்களா'ன்னா. திட்டுவான்னு நெனச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். பாதியில நின்னவங்க மறுபடி சேந்து படிக்க யுனிவர்சிட்டி இந்த ஒரு தடவை வாய்ப்புக் குடுக்குதாம். வருகை குறைஞ்சதால நின்னவங்கன்னா, அது காலேஜ் வேலையாத்தான்னு அசல் ஃபாரத்தோட காட்டணும். இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிதான் கடைசி. கம்ப்யூட்டர் சென்டர்ல ஏத்திரணும். துறையூர்ல ஒரு துணிக்கடையில நிக்கிறாளாம். கடையில மத்தியானம் ஒரு மணி நேரம் விடுவாங்க, அப்ப வந்து வாங்கிக்கறேன்னா.

பிரின்ஸ்பால்கிட்ட கேட்டேன். கூடவே கூடாதுன்னாரு. அடுத்த மாசம் மறுபடி கமிட்டி வருது. பச்சை ஃபைல் காலியா இருந்தா என்ன சொல்றது? அந்தப் பொண்ணு எங்கன்னு கேட்டதுக்குப் போன தடவை சொன்னது என்ன ஆகறது? 'நீங்க சொன்னதுதானே மேடம்'னாரு. ஆமா, நான் சொன்னதுதான். எனக்கு இன்னும் ஆறு மாசம்தான் சர்வீஸ். சொல்லாமக் கொள்ளாம எடுத்துட்டேன். இந்தப் பையில இருக்கறது அதுதான். இருபத்திமூணும் இருக்கு. உறையெல்லாம் அங்கயே வச்சுட்டு வந்துட்டேன், வெறும் உறை.

அப்புறம் என்ன, கொண்டு போய்க் குடுக்க வேண்டியதுதானேன்னு கேக்கறீங்க. கூட ஒரு தாள் இருக்கும்மா. பொறுப்பு வாத்தியார் எழுதித் தர வேண்டியது. அதுல ஒரு கட்டம். உரிய காலத்தில் சமர்ப்பிக்காததற்கான காரணம். நாலே வரி எழுதற இடம். மூணு வாரமா அதை எழுதறேன். 'நிர்வாகக் காரணங்களால்'னு எழுதினேன், அது என்ன காரணம்னு எனக்கே தெரியல, கிழிச்சுட்டேன். 'கோப்பில் தவறுதலாக இணைக்கப்பட்டு'ன்னு எழுதினேன். தவறுதலாவா வச்சேன்? நம்பர் ஒட்டி வச்சேன். 'மாணவி நினைவூட்டாததால்'னு கூட ஒரு தடவை எழுதிட்டேம்மா. எழுதி, படிச்சும் பாத்தேன். நல்ல தமிழ்தான்.

நீங்க ஊருக்குள்ள போய் பிள்ளைங்களுக்குத் தடுப்பூசி போடுவீங்கல்ல? போட்டதும் நோட்டுல எழுதுவீங்க, இல்லையா? என்ன? ஊசியைப் போடாம நோட்டுல மட்டும் எழுதிட்டா அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும்னா கேக்கறீங்க? ஒண்ணும் சொல்லாம வந்தவங்க இதை மட்டும் கேக்கறீங்க பாருங்க.

இல்ல, கோவம் இல்ல. சரியாத்தான் கேட்டீங்க.

அந்த மஞ்சள் பஸ் திரும்பிருச்சா? சரி. இனிமே பாக்கலாம், ரோடு தெரியுது. இந்த வெயில்ல என்ன தெரியுது, ஒண்ணும் தெரியல.

துறையூர் பஸ் ஸ்டாண்டா அதுக்குள்ள? பச்சமலை பஸ் நிக்கற இடத்துல நிக்கறேன்னா. நம்ம பஸ்சும் அங்கதான் நிப்பாட்டுறான் போல. இருங்க, பாக்கறேன். அவளை எனக்கு எங்க பாத்தாலும் தெரியும்மா, தினம் நூறு தடவை பாக்கற மூஞ்சி. இல்லையே. வரல போலயே. என்னம்மா, அந்த ஊதாப் புடவையா? இல்ல இல்ல, அது யாரோ கடைப் பொண்ணு. இவ நல்லா பூசினாப்ல இருப்பா, கன்னத்துல குழி விழும். அந்தப் பக்கம் நிக்கறதா? அதுவும் இல்ல. நேரமாச்சுன்னு போயிட்டாளோ? இருங்க, போன் போடறேன்.

ரிங் போகுது.

அம்மா. அந்த ஊதாப் புடவை போனை எடுக்குது.

சொல்லு பவுனம்மா. ஆமா, வந்துட்டேன். பஸ்லதான் இருக்கேன். எங்க நிக்கற நீ? ஜன்னலுக்கு நேராவா? தெரியுது. இப்ப தெரியுது. இரும்மா, இறங்கி வர்றேன்.

என்ன சொன்னா தெரியுமா? 'நீங்க ரெண்டு தடவை என்னைப் பாத்தீங்க மேடம்'ங்கறா. சாதாரணமாத்தான் சொல்றா. பாத்தீங்களா, கூட்டம் இடிக்குதுன்னு ஓரமா ஒதுங்கி நிக்கறா. என் ரூம் வாசல்லயும் இப்படித்தான் நிப்பா, கதவுக்கு அந்தாண்ட, உள்ள வராம. இறங்கறவங்க இறங்கட்டும். ஒரு நிமிஷம்.

பேனா இருக்கா உங்ககிட்ட? குடுங்க.

இந்தக் கட்டம்தான். படிக்கிறேன் கேளுங்க. காரணம். 'இந்தப் படிவங்களை என்னிடமே வைத்துக்கொண்டேன். மாணவி பலமுறை கேட்டார். நான் கொடுக்கவில்லை.' அவ்வளவுதான். பாதிக் கட்டம் இன்னும் காலியா இருக்கு. இதுக்கா மூணு வாரம். கையெழுத்து கொஞ்சம் கோணிருச்சு, பரவால்ல, என்னோடதுதான்.

இந்தாங்க உங்க பேனா. வர்றேம்மா. பேரு கூட கேக்கல நான் உங்களை.

ஆங், இன்னொரு உதவி. நீங்களும் இங்கதானே இறங்கறீங்க? என் போனைப் பிடிங்க. அவகிட்ட நான் இந்த ஃபாரத்தைக் குடுப்பேன்ல, அப்ப ஒரே ஒரு போட்டோ மட்டும், நாங்க ரெண்டு பேரும் தெரியற மாதிரி, அவ முகம் கொஞ்சம்...

இல்ல.

வேணாம். போனைக் குடுத்துருங்க இப்படி. குடுத்துருங்கம்மா. நான் வெறுமனே போய்க் குடுத்துட்டு வர்றேன்.